பிச்சாவரத்தில் வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கு அல்ல

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள சதுப்புத் தீவுகளில் படகில் போகிறவர்கள், வெள்ளையாக நிற்பதையெல்லாம் "கொக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆண்டு முழுக்க நம்மோடு இருக்கும் பறவைகள் அவை; பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?

அலகின் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு, கூடு கட்டும் காலத்தில் கறுத்துவிடும். வாய்ப்பிளவை, அதாவது அலகின் அடியிலிருந்து கண் பக்கமாகப் போகும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இதற்கு எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும், ஆனால் பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுமை வேண்டும்.

சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் பளிச்சென்று மஞ்சள். சேற்றில் நிற்கும்போது அது தெரியாது. பறக்க எழும் கணத்தில் பாதத்தைக் கவனியுங்கள்.

உண்மையான சிக்கல் கரைக்கொக்கின் வெள்ளை வடிவம்தான்; இந்த ஒரே இனத்தில் வெள்ளை, கருஞ்சாம்பல் என்று இரண்டு நிறப் பறவைகள் உண்டு. அலகு சற்றுத் தடித்து, லேசாக வளைந்து, மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். பக்கத்திலேயே கருஞ்சாம்பல் உடம்பும் வெள்ளைத் தொண்டையுமாக ஒன்று நின்றால், அதுவும் கரைக்கொக்குதான்.

மாடுகளோடு நடக்கும் உண்ணிக்கொக்கைத் தீவில் தேட வேண்டாம்; திரும்பும் வழியில் கிள்ளைப் பக்கத்து வயல்களில் பாருங்கள்.