இருட்டுவதற்கு முன் வர வேண்டிய எச்சரிக்கை

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிவிட்டது என்றாலே, கடல் கண்ணில் படாத எங்கள் இலங்கை மலையகத்திலும் நித்திரை போய்விடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலை மாவட்டங்களில் காற்றைவிட மண்சரிவுக்கே நாங்கள் அஞ்ச வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மியாமியிலுள்ள தேசிய சூறாவளி நிலையம், சூறாவளி எச்சரிக்கையை 36 மணித்தியாலங்களுக்கு முன்பும், அதற்கு முந்திய கண்காணிப்பு அறிவிப்பை 48 மணித்தியாலங்களுக்கு முன்பும் விடுக்கிறது. புயலின் மையம் கரையைத் தொடும் நேரத்தை வைத்து அவர்கள் இதைக் கணக்கிடுவதில்லை. மணிக்கு 63 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டால் வெளியில் நின்று எந்த ஆயத்த வேலையும் பார்க்க முடியாது என்பதால், அந்த நேரத்திலிருந்தே பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஆட்களை வெளியேற்ற வேண்டிய அதிகாரிக்கு எவ்வளவு அவகாசம் தேவை என்பதை வானிலையாளர் முன்கூட்டியே கேட்டறிந்து வைத்திருக்கிறார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விடயம். இரு தரப்புக்கும் இடையில் பேசுவதற்கென்றே ஓர் இணைப்புக் குழுவும் புயல் காலத்தில் அந்த நிலையத்தில் இயங்குகிறது.

நம் நாட்டில் வளிமண்டலவியல் திணைக்களம் மழையைச் சொல்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று இறங்கி வரும் செய்தி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைவதற்குத் தோட்ட நிர்வாகத்தையும் கடக்க வேண்டியிருக்கிறது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். அறிந்தவருக்கும் ஆட்களை நகர்த்தக்கூடியவருக்கும் இடையில் அந்தச் செய்தி பல வருடங்கள் கிடந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு உரிய அவகாசத்தை இருட்டுவதை வைத்துத்தான் எண்ண வேண்டும். மின்சாரம் போன பிறகு, பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வழுக்கும் படிகளில் இறங்குவது மண்சரிவுக்கு நிகரான ஆபத்து. ஆகவே இரவு 150 மில்லிமீற்றர் மழை பெய்யலாம் என்ற கணிப்பு பிற்பகல் மூன்று மணிக்கே, தோட்டத்தின் இந்த டிவிஷன் (பிரிவு) ஆட்கள் ஐந்தரைக்குள் வெளியேற வேண்டும் என்ற வடிவில் தமிழில் வந்து சேர வேண்டும். நிச்சயமில்லாததை எப்படிச் சொல்வது என்று வானிலையாளர்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் ஓர் இரவு வீணாகப் பாடசாலை மண்டபத்தில் படுத்து எழும்பியதற்காக யாரும் அவர்களைத் தூற்றப்போவதில்லை. (குளிருக்காகச் சிலர் தூற்றலாம்.)

செய்தி கீழிருந்து மேலும் போக வேண்டும். பல தோட்டங்களில் மழைமானி உண்டு. காலையில் கிளாக்கர் (தோட்ட எழுதுவினைஞர்) அதிலுள்ள தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறார். அது கடந்த நாளின் மழை. ஒரு மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் தூறலும் அந்தப் பக்கம் கொட்டும் மழையுமாக இருக்கும் ஊரில், மோசமான மாலைகளில் அதை மணிக்கொரு தடவை பார்த்து மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அந்த அளவுக்காகக் காத்திருக்கவும் கூடாது.

எங்கே போவது, மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, படுக்கையில் கிடப்பவரை யார் தூக்குவது ஆகிய மூன்றையும் ஒக்டோபரிலேயே, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேசி முடித்துவிடலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அப்போதே எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்துவிட வேண்டும்.