வெட்டு தெரியாத காணொளி

டிஜிட்டல் மீடியா, இதழியல் என்று பட்டப்படிப்பின் பெயரிலேயே இரண்டு இருந்ததால், படிப்பும் இரண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சேர்ந்தேன். பாடத்திட்டமும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது. செய்தி எழுதுதல், ஊடகச் சட்டம், அறம் எல்லாம் வகுப்பறையில். கேமரா, மைக், எடிட்டிங் எல்லாம் லேபில். இது எவ்வளவு செயற்கையான பிரிவினை என்பது, ஒரு செய்தித் தளத்துக்கு இன்டர்ன்ஷிப் போனபோதுதான் உறைத்தது.

அங்கே எனக்கு வந்த வேலை பெரும்பாலும் நீண்ட பேட்டிகளை 90 விநாடிக்குச் சுருக்குவது. ஒருவர் பேசுகிறார்: “வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா, சம்பளம் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.” முதல் வாக்கியம் முடிந்ததும் மூச்சு வாங்குகிறார். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் அந்த இடத்தில் ஒலி அலை கோடாகப் படுத்திருக்கும். வெட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கே வெட்டினால் அவர் மனநிறைவோடு வேலை பார்க்கும் மனிதர். அவர் சொல்லாத ஒரு சொல்லைக்கூட நாம் சேர்த்திருக்க மாட்டோம், அதுதான் பயமாக இருக்கிறது.

அச்சில் மேற்கோளைச் சுருக்கினால் மூன்று புள்ளி வைக்கிறோம். ஏதோ விடுபட்டிருக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். காணொளியில் அதற்குப் பக்கத்தில் வருவது ஜம்ப் கட் மட்டும்தான். தலை சட்டென்று இடம் மாறும், பார்ப்பவருக்கு வெட்டு தெரிந்துவிடும். அது அசிங்கம், மேலே பி-ரோல், அதாவது துணைக் காட்சிகள், போட்டு மூடு என்றுதான் லேபில் பழக்கினார்கள். கைகளைக் காட்டு, அறையைக் காட்டு. யாரும் பேசாமல் இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவுசெய்து ஒட்டின் அடியில் ஓடவிடு. செய்து பார்த்தேன், தையல் துளியும் தெரியவில்லை. அந்தக் கைத்திறனில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் செய்திக் காணொளிகளில் சில ஜம்ப் கட்டுகளை மூடாமலேயே விடவேண்டும் என்பது இப்போது என் கட்சி.

மொபைலுக்காக அகலமான 16:9 படத்தை உயரமான 9:16 ஆக நறுக்கும்போதும் இதே கதை. உயரத்தை அப்படியே வைத்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஓரத்தில் நின்று கேள்வி கேட்டவர் காணாமல் போவார். மென்பொருளே ஆளைத் தேடிப் பிடித்து நறுக்கித் தரும், சரி. ஆனால் செய்தி யாரிடம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? இதை அறம் தாளிலும் யாரும் கேட்டதில்லை, எடிட்டிங் தாளிலும் கேட்டதில்லை.

டெஸ்கில் இருந்த மூத்த துணை ஆசிரியர் மென்பொருள் பக்கமே வரமாட்டார். நான் ஸ்கிரிப்டைக் கொண்டுபோனால், ஒவ்வொரு பேட்டித் துண்டிலும் விரலை வைத்து, “இதுக்கு அடுத்து என்னம்மா சொன்னார்?” என்பார். டைம்கோடோடு, அதாவது பதிவில் அது வரும் நிமிடம், விநாடியோடு, பதில் சொல்ல வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஸ்கிரிப்டில் அதற்கென்றே ஒரு பத்தி போட்டு, வெட்டு விழுந்த வாக்கியத்துக்கு அடுத்து அவர் சொன்ன வாக்கியத்தையும் எழுதி வைக்கிறேன். குழுவில் இருப்பவர்களுக்கு எரிச்சல்தான், நேரம் பிடிப்பதும் உண்மைதான். பத்தியை எடுப்பதாக இல்லை.