நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம்

உண்ணி மருந்து, கொசுவலை, பேன் லோஷன், கரப்பான் ஸ்பிரே என்று பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இல்லாத இடமே இல்லை. ஒரு சாமந்தி இனப் பூவில் இருக்கும் பைரெத்ரின் என்ற இயற்கைப் பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த நகல்தான் இது, ஆனால் அதைப்போல வெயிலில் சீக்கிரம் சிதையாது, அதனால் 'பூவிலிருந்து வந்தது, ஒன்றும் செய்யாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூச்சியின் நரம்பில் சோடியம் போகும் வழியை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும்; துடித்துத் துடித்துச் சாகும். நம் உடல் இதை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும், தோலில் பட்டால் பெரும்பாலும் எரிச்சல், குறுகுறுப்போடு சரி. பூனைக்கு அந்த வசதி இல்லை, கல்லீரலில் அதற்கான நொதி போதாது. நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தைப் பூனையின் கழுத்திலும் விட்டால், சில மணி நேரத்தில் காதும் முகமும் வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் வலிப்பு, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாவிட்டால் உயிரே போகலாம். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே சில பூனைகளுக்குப் போதும்!

மீனுக்கும் ஆகவே ஆகாது. ஸ்பிரே அடிக்கும்முன் தொட்டியை மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினால் கரைந்து காணாமல் போகாது, அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு அங்கே வாழும் சின்ன உயிர்களைக் கொல்லும். தேனீக்கும் இதே கதிதான், பூத்திருக்கும் செடியில் அடிக்கவே அடிக்காதீர்கள்.