பக்கத்து வளவு ஜூலிக்கு வைத்தியம் பார்த்த கதை

பக்கத்து வீட்டு நாய் வாடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தலையிடி. அதற்கு உதவப் போவது இன்னொரு தலையிடி. நாய் எங்களுடையதல்ல, வேலியில் பாதி மட்டும்தான் எங்களுடையது. திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் ஒழுங்கையில் அப்படிக் கிடந்த ஒரு நாயை நானும் மனைவியும் எழுப்பி நிறுத்திய விதத்தை எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். எல்லாரும் முதலில் கேட்பது காசை எப்படிச் சமாளித்தீர்கள் என்றுதான். ஆனால் காசுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமி வருகிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜூலி உண்மையில் மாமியின் நாயல்ல, மாமாவின் நாய். மாமா கரைவலைக்குப் போகிறவர். வலை கரைக்கு வரும்போது ஜூலியும் கூடவே நிற்கும், சூடையோ காரலோ ஒரு பிடி அதற்கும் கிடைக்கும். மாமா காலமான பிறகு அதை முருங்கை மரத்தில் நைலோன் கயிற்றால் கட்டியதுதான், பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. மாமி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவர். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்புகிற மனுசி. நாய் என்றாலே அவருக்கு அருவருப்பு, அதுவும் மா குழைக்கிற வீட்டில். ஒரு நேரம் சோறும் சொதியும் வைப்பார். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர்ச் சட்டி பத்து மணிக்கே காய்ந்துவிடும். அதை அவர் கவனித்திருக்கமாட்டார்.

பொலிஸில் சொல்லுங்கள் என்று ஒருவர் ஆலோசனை தந்தார். மிருகவதைக்கு எங்களிடம் இருந்துவந்த சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில் எழுதியிருந்த உச்சத் தண்டம் 100 ரூபா, இல்லாவிட்டால் மூன்று மாதம் வரை மறியல். புதுச் சட்டத்துக்கு 2006 இலேயே வரைபு எழுதி, பிறகு ஆண்டுக்கணக்காக அதை இழுத்தடித்தார்கள். அது கிடக்கட்டும். நல்ல சட்டம் இருந்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். தனியாக இருக்கிற ஒரு விதவை மனுசியை நாய்க்காகப் பொலிசுக்கு இழுத்தால் ஒழுங்கையில் எங்களோடு யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள்? நாய்க்கும் அதனால் ஒரு பிடி சோறு கூடக் கிடைக்கப்போவதில்லை.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். நாயைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று போய்ச் சொன்னால் அது மாமியைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆகவே, “மாமி, உங்கட வளவில இருந்து உண்ணி எங்கட சுவருக்கும் ஏறுது. நாய்க்கு மருந்து போட்டால் ரெண்டு வீட்டுக்கும் நல்லம், போடட்டோ?” என்று கேட்டாள். பொய்யுமில்லை, சுவர் முழுக்க உண்ணி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. மாமி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “என்னெண்டாலும் செய்யுங்கோ பிள்ளை, என்னட்டக் காசு மட்டும் கேக்கப்படாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, கொண்டே வளக்கப் போறியளோ?” என்று ஆசையோடு கேட்டார். இல்லை மாமி, நாய் உங்களுடையதுதான், மருந்துச் செலவு எங்களுடையது என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டோம். அந்த ஒரு பேச்சு பின்னால் பல சிக்கலைத் தவிர்த்தது.

இதற்கிடையில் ஒழுங்கைக்காரர் ஒருவர் நல்ல மனதோடு ஒரு போத்தல் பழைய எஞ்சின் ஒயிலைக் கொண்டுவந்தார். சொறிக்குக் கறுத்த ஒயில் பூசுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் தன்னை நக்கும், நக்கினால் அவ்வளவும் வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துபோகும். பனடோல், புரூபன் கதையும் இதேதான். மனிதருக்குக் காய்ச்சல் குறைக்கிற மருந்து நாயின் ஈரலையோ வயிற்றையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும். பூனைக்கென்றால் பனடோல் ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மானுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கும் ஊர் இது. நாயை ஏற்ற மட்டும் ஓட்டோ கிடைக்காது. கேட்ட ஓட்டோக்காரர் எல்லாரும் சீற்றைப் பார்த்தார்கள், நாயைப் பார்த்தார்கள், ஹயர் இருக்கு என்று போய்விட்டார்கள். கடைசியில் மீன் ஏற்றுகிற பட்டா என்ற சின்ன லொறி வைத்திருக்கும் தம்பி ஒருவர், “மீன் நாத்தத்தை விடவா அண்ணை நாய் நாறப்போகுது” என்று பின்னால் சாக்கு விரித்துத் தந்தார். பழைய சேலைக்கரையைக் கிழித்து ஜூலியின் வாயைச் சுற்றிக் கட்டினோம். நல்ல நாய்தான், ஆனால் நோகிற இடத்தைத் தொட்டால் நல்ல நாயும் கடிக்கும். அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. அப்படிப்பட்ட நாயின் பல்லோ, எச்சில் பட்ட நகமோ கீறினால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த ஊசிக்குக் காசில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் கையுறையோடு போனோம்.

முதலில் போனது அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு. ஊரில் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். அங்கே மாடும் ஆடும்தான் பெரும்பாலும் வரும், டொக்டரும் காலை கடந்தால் பட்டிகளைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவார். நேரத்தோடு போனதால் பிடித்துக்கொண்டோம்.

கழுத்தைப் பார்த்தபோதுதான் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. கட்டிய நாளிலிருந்து அவிழ்க்காத கயிறு தசைக்குள் புதைந்து, மேலே தோல் மூடத் தொடங்கியிருந்தது. வெளியே தெரிந்தது நீல நிற முடிச்சு மட்டும். டொக்டர் மயிரை வழித்துவிட்டு, வளைந்த கத்தரிக்கோலின் மழுங்கிய பக்கத்தைக் கயிற்றின் அடியில் நுழைத்து வெட்டினார். கயிறு ஈரமாகக் கழன்று வந்தது. அதன் பின்னாலேயே வெள்ளைப் புழுக்கள். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, கழுவி, பொடி போட்டார். ஜூலி முனகிக்கொண்டே என் மனைவியின் கையிடுக்குக்குள் மூஞ்சியைச் செருகிக்கொண்டது. பிறகு அவர் உதட்டைத் தூக்கிப் பல்முரசை விரலால் அமத்திக் காட்டினார். சுகமான நாய்க்கு அமத்தி விட்டவுடனே சிவப்பு திரும்பி வரும். இதற்கு அமத்தாமலே வெள்ளைதான். “உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை ஒருக்காப் பாக்கோணும்” என்றார்.

இரத்தப் பரிசோதனைக்குத் தனியார் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேதான் காசு பிடிக்கத் தொடங்கியது. பார்ப்பதற்கு, இரத்தத்துக்கு, ஊசிக்கு, சேலைனுக்கு என்று ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஒரு மருந்துத் துண்டு நிறைய எழுதியும் தந்தார்கள். 2022 நெருக்கடியோடு இறக்குமதி மருந்தெல்லாம் விலை ஏறியது, செல்லப்பிராணி மருந்தும் அதில் சேர்த்தி. என் சம்பளத்தில் அந்தத் துண்டு முழுவதையும் வாங்க முடியாது. அந்த இடத்தில் நான் கேட்ட கேள்வியைத்தான் எல்லாருக்கும் சொல்லுவேன்: “டொக்டர், இதில இண்டைக்கு எதைச் செய்யாட்டி நாய் செத்துப் போகும்?”

அவர் கோபிக்கவில்லை. பேனையை எடுத்துத் துண்டிலேயே வரிசை போட்டார். புண்ணும் உண்ணிக் காய்ச்சலும் இன்றைக்கு. உண்ணி மாத்திரை இந்தக் கிழமைக்குள். வயிற்றுப் பூச்சி மருந்து அடுத்தது. தடுப்பூசி நாய் தேறின பிறகு. சத்துப் பாணியையும் ஷம்பூவையும் அவரே வெட்டிவிட்டார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலே சொல்ல எங்கள் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். சொல்லாமல் வந்து, பாதி மருந்தோடு நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

காய்ச்சலுக்கு எழுதியது டொக்ஸிசைக்கிளின். மனிதருக்குக் கொடுக்கிற அதே மருந்துதான், துண்டைக் காட்டினால் சாதாரண பார்மசியில் மலிவாகவே வாங்கலாம். நாயின் நிறைக்கு எத்தனை என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். 28 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாலாம் நாளே நாய் வாலாட்டும், அதைப் பார்த்து நிறுத்தினால் திரும்பவும் வரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுக்கும், பாலோடு கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. நாங்கள் சோற்று உருண்டைக்குள் மீனை வைத்து மீனுக்குள் குளிசையை வைத்தோம். ஜூலி மீனையும் சோற்றையும் தின்றுவிட்டுக் குளிசையை மட்டும் காலடியில் துப்பிவிட்டு எங்களைப் பார்க்கும். பிறகு ஈரலுக்குள் வைத்துத்தான் ஏமாற்றினோம்.

உண்ணி விசயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாயில் தெரிகிற உண்ணி கொஞ்சம்தான். இரத்தம் குடித்துப் பருத்த பெட்டை உண்ணி நாயிலிருந்து விழுந்து சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். குஞ்சு பொரித்தது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் அடுத்த நாயைக் காத்திருக்கும். ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டி ஒன்றும் ஆகாது. மாமியின் குசினிப் பின்சுவரில் வெடிப்பெல்லாம் சுரண்டி, கொதிதண்ணீர் ஊற்றி, சீமெந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தோம். மாமிக்கு அதில்தான் எங்கள் மேல் உண்மையான மதிப்பு வந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் பூனை இருக்கிறது என்று சொன்னதால், தெளிப்பதற்கு முதலில் எடுத்த மருந்தை வைத்தியர் மாற்றிவிட்டார். பெர்மெத்ரின் கலந்தது நாய்க்குச் சரி, பூனைக்கு நஞ்சு.

நாய்க்கு வாங்கிய உண்ணி மாத்திரைதான் கூடிய செலவு. பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் மயக்கம் வரும். சில மாத்திரை ஒரு மாதம்தான் நிற்கும், சிலது 12 கிழமை வரை நிற்கும். மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும். நாயின் நிறையைப் பொறுத்தும் விலை மாறும், எலும்பும் தோலுமாகக் கிடந்த ஜூலிக்கு அந்த நேரம் சின்ன அளவே போதுமாக இருந்தது.

சாப்பாட்டுக்குக் கடை நாய்த்தீன் பை வாங்கவேயில்லை. கரைவலைக்காரரிடம் மாமாவின் நாய் என்று சொன்னவுடனே, கேட்காமலே ஒரு ஷொப்பிங் பை சூடை தந்தார்கள். பிறகும் வலை விழுந்த நாட்களில் தந்துகொண்டுதான் இருக்கிறார்கள். குக்கரில் நன்றாக அவித்தால் முள் மசிந்துவிடும். உப்பு, வெங்காயம் போடக்கூடாது. மீன் இல்லாத நாளில் கோழிக்கடையில் காலும் ஈரலும், கால்களை அவிக்காமல் பச்சையாகத்தான் கொடுப்போம். அவித்த கோழி எலும்பு பிளந்து குத்தும். முதல் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக நாலு தரம் வைக்கச் சொன்னார்கள். பட்டினி கிடந்த வயிற்றை ஒரேயடியாக நிரப்பினால் அதுவே ஆபத்து.

விசர்நாய்த் தடுப்பூசி காசில்லாமல் போட்டோம். சுகாதாரப் பகுதியினர் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் நாளைப் பார்த்திருந்து, சந்திக்குக் கொண்டுபோய்ப் போட்டு அட்டையும் வாங்கினோம். எப்போது வருவார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டால் சொல்லுவார். அட்டையில் உரிமையாளர் பெயராக மாமியின் பெயரைத்தான் எழுதுவித்தேன். வருசா வருசம் திருப்பிப் போட வேண்டும்.

கருத்தடை இழுபட்டது. மாமிக்கு நாய் குட்டி போட்டுவிடும் என்ற பயம்தான் பெரிது, உடனே செய்யச் சொன்னார். ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு இரத்தம் உறைவது குறைந்திருக்கும், அந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது என்று வைத்தியர் மறுத்தார். திரும்ப இரத்தம் சோதித்து, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை ஏறிய பிறகு ஒரு இலவச முகாமில் செய்தார்கள். அதுவரை ஜூலியை எங்கள் பின் விறாந்தையில் வைத்திருந்தோம், ஒழுங்கைக் கடுவன் நாய்கள் எல்லாம் கேற்றடியில் காவல்.

செலவு இப்போது மூன்றாகப் பிரிகிறது. உண்ணி மாத்திரை எங்களுடையது. கல்லடியில் இருக்கிற மாமியின் மகள் விசயம் தெரிந்து பூச்சி மருந்துக்கும் மற்றதுக்கும் மாதம் கொஞ்சம் அனுப்புகிறாள். சோறு மாமியுடையது. காசு கேட்கப்படாது என்றவர், இப்போது உடைந்த இடியப்பத்தை ஒரு பேசினில் ஒதுக்கி வைக்கிறார்.

கட்டிவைப்பதில் மட்டும் இன்னும் இழுபறி. முருங்கைக்கும் கிணற்றடித் தூணுக்கும் நடுவே கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலியைக் கோர்த்துவிட்டிருக்கிறோம். அந்த நீளத்துக்கு நிழலும் தண்ணீரும் உண்டு, நாய் நடந்து திரியலாம். கழுத்துக்குப் பட்டி அகலமானது, இரண்டு விரல் நுழைகிற தளர்வு. இரவில் அவிழ்த்துவிடுங்கோ என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விடியப்புறம் மா குழைக்கும்போது குசினிக்குள் வந்துவிடும் என்று மாமி மறுக்கிறார். குசினிக்கு அரைக் கதவு ஒன்று அடித்துத் தருவதாக மேசனிடம் பேசியிருக்கிறேன், பலகைக்குத்தான் இன்னும் காசு சேரவில்லை.