அம்முச்சி கேட்ட ஒரே கேள்வி

போன வருசம் என்ற பழைய ஸ்விஃப்ட் காருக்கு 17 இன்ச் அலாய் வீலு போட்டு, வண்டிய 40 எம்எம் எறக்கற லோயரிங் ஸ்பிரிங்கும் மாட்டுனேனுங்க. அழகுன்னா அப்படி ஒரு அழகு, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ரெண்டு வெரல் நுழையாது, சிக்னல்ல பைக்காரங்க திரும்பி பாப்பாங்க, அதுக்குத்தானே செஞ்சது, பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.

கோயமுத்தூர்ல இருந்து பல்லடம் வழியா காங்கேயம் வரைக்கும் ஒண்ணுமே தெரியல. வளைவுல வண்டி சாயறதே இல்ல. மெயின் ரோட்ட உட்டு எறங்கி மொத ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுனதுந்தான் டொக்குன்னு ஒரு இடி, பின்னாடி அம்முச்சி மடியில வெச்சிருந்த தூக்குப்போசியில இருந்த மோரு பாதி சீட்டுல. சேலையத் தொடச்சுக்கிட்டே, "வண்டிக்கு என்னமோ பண்ணுனேன்னியே கண்ணு, இன்னும் பண்ணி முடிக்கலியா?"ங்குது.

அன்னைக்கு ராத்திரி கணக்கு போட்டு பாத்தேன். பழைய டயரு 165/80 ஆர்14, அதாவது 14 இன்ச் ரிம்மு, அகலம் 165 எம்எம்ல 80 சதவீதம்னா ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல 132 எம்எம் ரப்பரும் காத்தும். புதுசு 205/45 ஆர்17, அது வெறும் 92. மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஸ்பீடோமீட்டர் கூட பெருசா மாறாது, ஆனா 4 சென்டிமீட்டர் மெத்தைய உருவிட்டு அலுமினியத்த வெச்சிருக்கேன். வீலும் கனம், அந்த கனம் ஸ்பிரிங்குக்கு கீழ இருக்கறதால கல்லுல ஏறி எகிறுச்சுன்னா ஷாக் அப்சார்பரால சட்டுன்னு அடக்க முடியாது.

ஸ்பிரிங் கதை வேற. வண்டி எறங்கிட்டா வீலு மேல ஏற எடம் கம்மி, அதனால ஸ்பிரிங்க கெட்டியா பண்றாங்க, கெட்டி ஸ்பிரிங்கு வேகமா திருப்பி தள்ளும், கம்பெனி ஷாக் அதுக்கு பத்தாது, நாலு பேர் ஏறுனா நேரா பம்ப் ஸ்டாப்புல, அதான் கடைசியா தடுக்கற ரப்பர் கட்டையில, போய் இடிக்கும். அந்த டொக்கு அதுதான். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி வழவழ ட்ராக்ல இதெல்லாம் சரி, எங்க ஊரு இட்டேரி மண்தடத்துல? நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் டிராக்டர் போன பள்ளம், அடியில கல்லு கருக்குன்னு இழுத்த சத்தம் இன்னும் காதுல இருக்குது.

பங்காளி ஒருத்தன் காசு மிச்சம்னு கம்பெனி ஸ்பிரிங்கையே ரெண்டு சுத்து அறுத்து மாட்டிருக்கான். அது மட்டும் வேண்டாமுங்க. சுத்து கொறஞ்சா இன்னும் கெட்டியாகும், வீல் தொங்கறப்ப ஸ்பிரிங்கு எடத்த உட்டே நகந்துரும்.

எறக்குனப்பறம் வீலு நேரா நிக்குதான்னு அலைன்மெண்ட் பாக்காம உட்டது என்ற தப்பு. வெளிய பாத்தா டயரு புதுசு, உள்பக்கம் கம்பி தெரியுது.

இப்ப கம்பெனி ஸ்பிரிங்கு, 195/55 ஆர்16. ஓரளவுக்கு அழகு, ஓரளவுக்கு மெத்தை. லோயரிங் ஸ்பிரிங்கு நாலும் தோட்டத்து சாளை வீட்டுல கெடந்துச்சு, அப்பா அதுல ஒண்ண எடுத்து கேட்டுக்கு முட்டு குடுத்திருக்காரு.