மலை தெரியுதா?

நேற்று சாயங்காலம் மலேசியாவின் பினாங்கில், எங்கள் பட்டர்வொர்த்தில் அடித்த மழையில் தாமான் குடியிருப்பு ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். வழக்கமான கதைதான். கடல் ஏறியிருக்கிற நேரத்தில் மழை கொட்டினால் கால்வாய்த் தண்ணீருக்குப் போக இடமிருக்காது, திரும்பி ரோட்டுக்கே வரும், கடல் இறங்கினால் அதுவும் வடிந்துவிடும். எல்லோரும் போல நானும் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே திரும்பும்போது கூப்பாங்கிலிருந்து சித்தி போன். "அங்க மழையா?" என்றார். ஆமாம், அங்கே எப்படி என்று நான் கேட்கவில்லை. "மலை தெரியுதா?" என்று கேட்டேன்.

சித்தி ஊரில் மலைவெள்ளம் வந்த 2022 ஜூலை 4க்கு முன்னால் யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

கூப்பாங் பக்கத்து மாநிலமான கெடாவில், பாலிங் மாவட்டம். எங்கள் வீட்டிலிருந்து கூலிம் வழியாகவும் போகலாம், சுங்கைப் பட்டாணி போய் கோலக்கெட்டில் வழியாகவும் போகலாம். பினாங்குக்காரர்களுக்கு அது ஏதோ தூரத்துக் காடு மாதிரி, அப்படி ஒன்றும் தூரமில்லை. சித்தி வீடு கீழே கல், மேலே பலகை. சித்தப்பா வேறொருவர் நிலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார், வருகிற காசில் பாதி நிலத்துக்காரருக்கு. பின்னால் குனோங் இனாஸ் மலை.

வெள்ளம் என்றால் பருவமழை மாதங்களில், கிழக்குக் கரையில் கிளந்தான் திரெங்கானு பக்கம் வருவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது ஜூலை மாதம், திங்கட்கிழமை. சித்தி வீட்டுப் பக்கமும் மழைதான், ஆனால் துணியை எடுத்து உள்ளே போடுகிற அளவு மழை, பயப்படுகிற மழை இல்லை. மேலே மலையில் பெய்ததுதான் வேறு மழை. முதலில் ஆற்றின் நிறம் மாறியதாம், டீத்தூள் கொட்டின மாதிரி. அப்புறம் சத்தம். லாரி லாரியாகக் கல் கொட்டுகிற சத்தம் என்கிறார் சித்தி. மலாயில் இதைக் கெப்பாலா ஆயேர் என்பார்கள், தண்ணீரின் தலை. மலையில் பெய்த மழை மண்ணையும் மரத்தையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குள் மொத்தமாக இறங்கும்போது அது ஏறி வருகிற வெள்ளமாக இருக்காது, சுவர் நடந்து வருவது மாதிரி வரும். கம்போங் ஈபோயில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். சித்தி வீட்டில் ஆள் சேதமில்லை, மேட்டில் இருக்கும் சூராவுக்கு, சின்னத் தொழுகைக்கூடத்துக்கு, ஓடிவிட்டார்கள். எடுத்துக்கொண்டு ஓடியது அடையாளக் கார்டுகளும் ரைஸ் குக்கரும். ஏன் ரைஸ் குக்கர் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

நாங்கள் சனிக்கிழமை போனோம், மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். வழியெல்லாம் கட்டைகள். கிளை கிளையாக இல்லை, முழு முழு மரம், பட்டை உரிந்து, வேரோடு. வீட்டுக்குள் முழங்கால் வரை சேறு. பினாங்கில் 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன் நான், ஏழு பேரைக் கொண்டுபோன வெள்ளம் அது, எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது, அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன். எங்களுடையது தண்ணீர். இது மண். வடியாது. தண்ணீர் இறங்கும்போதே அதோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டும், விட்டால் இரண்டு நாளில் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். நாங்கள் போனபோது இறுக ஆரம்பித்திருந்தது. மண்வெட்டியால் வெட்டி வெட்டி அள்ளினோம். மலைத்தண்ணீர் வருகிற குழாய் போய்விட்டது, கிணறு முழுக்கச் சேறு, கழுவத் தண்ணீர் இல்லை. செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் என்று ஒரு தாதி வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். செருப்பெல்லாம் ஆற்றோடு போயிருந்தது.

உதவி வரவில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே வந்தது. பொட்டலச் சோறு மூன்று வேளையும் வந்து மிஞ்சியது. பழைய துணி மலையாகக் குவிந்து மழையில் நனைந்து அதுவே ஒரு குப்பையானது, அதில் யாரோ கொடுத்த கோட்டும் சூட்டும் ஒன்று, சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒரு தண்ணீர் பம்பும் நாலு தள்ளுவண்டியும் கொண்டு வந்தவர்களைத்தான் கும்பிடத் தோன்றியது. அடுத்த முறை எங்காவது வெள்ளம் வந்து நீங்கள் கிளம்பினால் தயவுசெய்து துணி வேண்டாம், விளக்குமாறு வாங்கிக்கொண்டு போங்கள்.

சேதக் கணக்கு எழுத வந்தவர்கள் வீடு, மோட்டார்சைக்கிள், ஐஸ்பெட்டி எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சித்தப்பா மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளைப் பற்றிச் சொன்னார். ஆற்றோரத்து நிரையில் இருந்த மரங்களில் மங்கும் கம்பியும் மொத்தமாகப் போய்விட்டன, மூட்டை கட்டி வைத்திருந்த கட்டிப்பால் போய்விட்டது, சில மரங்களே இல்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை. நிலம் அவருடையது இல்லையே. வெட்ட முடியாத நாளுக்கும் இடமில்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழியும், மங்கில் விழுந்ததும் மழைத்தண்ணீரோடு சேர்ந்து வீணாகும், அதனால் மழை என்றாலே அன்றைக்குச் சம்பளம் இல்லை, இது எல்லாப் பால்வெட்டுக்காரர்களுக்கும் தெரிந்தது. வெள்ளத்துக்கு அப்புறம் காட்டுக்குள் போகிற பாதையே மண்ணில் புதைந்து கிடந்தது. எட்டு வாரம் அவர் கத்தியைத் தொடவில்லை. எங்கள் தாமானில் வெள்ளம் வந்து போன நாலாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன், சம்பளமும் பிடிக்கவில்லை.

காரணம் என்ன என்ற சண்டை அந்த வாரமே கிளம்பியது. மலைமேல் டுரியான் தோட்டம் போடக் காட்டை அழித்ததுதான் என்று ஒரு பக்கம், கடும் மழையில் மலை தானாகச் சரிந்தது என்று இன்னொரு பக்கம். நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. மரத்தின் வேர் பிடித்திருக்கிற மண்ணும் மொட்டை மண்ணும் மழைக்கு ஒரே மாதிரி நிற்காது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

இது பினாங்குக்குச் சம்பந்தமில்லாத கெடா விஷயம் என்று ஒரு நண்பன் அப்போது சொன்னான். அவன் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். கூப்பாங் ஆறு கெட்டில் ஆற்றுக்குப் போகிறது, அது மூடா ஆற்றில் சேர்கிறது, மூடா ஆறு நமக்கும் கெடாவுக்கும் நடுவே எல்லையாக ஓடிக் கடலுக்குப் போகிறது, போகிற வழியில் லஹார் தியாங்கில் அந்தத் தண்ணீரை எடுத்து சுங்கை டூவாவில் சுத்திகரித்துத்தான் நமக்கு விடுகிறார்கள். பினாங்கு எடுக்கும் ஆற்றுத்தண்ணீரில் நூற்றுக்கு 80 பங்கு மூடா ஆற்றுத் தண்ணீர். சித்தி வீட்டுப் பின்னால் ஓடுகிற ஆற்றையும் சேர்த்துத்தான் அவன் டீ போட்டுக் குடிக்கிறான்.

சித்தி வீட்டில் இப்போது முன்வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்குகிறது. பத்திரங்கள், மருந்து, டார்ச். மழை பெய்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, வெளியே வந்து மலையைத்தான் பார்க்கிறார்கள். மலை மேகத்தில் மறைந்து ரொம்ப நேரம் ஆனால் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கீழே வெயில் அடித்தாலும்.

நேற்றும் போனை வைக்காமல் அவர் வாசலுக்கு நடந்து போவது கேட்டது, நாய் குரைத்தது, கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தெரியுதுப்பா. உச்சி வரைக்கும் தெரியுது. நீ போய் உன் கார எடு."