சுவரை விடுங்கள், தீவுக்குப் போங்கள்: டோக்கியோ கோடைக் கோமிகெட்டுக்கு ஒரு தயாரிப்பு

உலகத்திலேயே பெரிய அனிமே திருவிழா என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுக் கோமிகெட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். பெரிய மேடை, புதுப் பட டிரெய்லர், குரல் நடிகர்களின் பேச்சு என்று எதிர்பார்த்தால் அதற்கு மார்ச் மாதம் நடக்கும் அனிமேஜப்பான் இருக்கிறது. கோமிகெட் ஒரு புத்தகச் சந்தை. ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, காசு போட்டு அச்சடித்து, தாங்களே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்கிற டோஜின்ஷி புத்தகங்களுக்கான இடம். 1975 டிசம்பர் 21 அன்று இப்படி விற்கிற 32 குழுக்களோடு ஆரம்பித்தது. 2019 டிசம்பரில் நான்கு நாளில் வந்தவர்கள் ஏழரை லட்சம் பேர். கொரோனாவுக்குப் பிறகு இரண்டே நாளாகச் சுருக்கிவிட்டார்கள். அப்படியும் நாளொன்றுக்கு லட்சத்தைத் தாண்டுகிறது.

வருடத்தில் இரண்டு முறை, ஆகஸ்ட் நடுவிலும் வருடக் கடைசியிலும், அரியாகேயில் உள்ள டோக்கியோ பிக் சைட் அரங்குகளில் நடக்கும். இங்கே சொல்லப்போவது ஆகஸ்ட் கோமிகெட்டைப் பற்றி. டிசம்பருக்குக் கனத்த ஜாக்கெட் போதும். ஆகஸ்டுக்குத்தான் திட்டம் வேண்டும்.

முதலில் டிக்கெட். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் சும்மா நடந்து போகலாம். இப்போது கையில் கட்டும் பட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முதலில் நுழைபவர்கள், காலையில் நுழைபவர்கள், மதியம் நுழைபவர்கள் என்று மூன்று வகை. முதல் வகை விலை அதிகம், குலுக்கலில்தான் கிடைக்கும். மதியப் பட்டை மலிவு, சுலபமாகவும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் விற்பனை முறையைக் கொஞ்சம் மாற்றுகிறார்கள், அதனால் இரண்டு மாதம் முன்பிருந்தே அதிகாரபூர்வத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அன்றைக்கு வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு நாளுக்கும் தனித்தனிப் பட்டை, நிறமும் வேறு. இருட்டில் கிளம்பும் அவசரத்தில் நாளை மாற்றிக் கட்டிக்கொண்டு போய் வாசலில் விழிக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று. ஒரு குழு ஒரே ஒரு நாள்தான் மேசை போடும். சனிக்கிழமை இருந்தவர்கள் ஞாயிறு இருக்க மாட்டார்கள். அந்த மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். எந்த அனிமே, எந்த வீடியோ கேம், எந்த வகைப் புத்தகம் எந்த நாளில் என்று முன்பே பிரித்துவிடுவார்கள். ஒரு நாள்தான் போக முடியும் என்றால், கோமிகெட்டின் இணையப் பட்டியலில் உங்களுக்குப் பிடித்த வகை எந்த நாளில் வருகிறது என்று பார்த்த பிறகே விமான டிக்கெட்டைத் தொடுங்கள். முன்னோரை நினைக்க ஜப்பானியர்கள் ஊருக்குப் போகும் ஓபோன் விடுமுறை அதே வாரத்தை ஒட்டி வருவதால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும்.

அரியாகேயில் அறை மாதக்கணக்கு முன்பே தீர்ந்துவிடும். ஓயிமாச்சி பக்கம் தங்குவது என் சிபாரிசு. அங்கிருந்து ரின்காய் பாதையில் கோகுசாய் தென்ஜிஜோ நிலையம் கால் மணி நேரத்துக்குள். இறங்கி ஏழெட்டு நிமிட நடை. டோயோசுவில் தங்கினால் யுரிகாமோமே ரயிலில் ஐந்தாவது நிறுத்தம், அரங்கு வாசலுக்கே பக்கம். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சைக்யோ பாதை ரயில் ஓசாகியைத் தாண்டி அப்படியே ரின்காய் பாதைக்குள் போகும், நீங்கள் இறங்கக்கூட வேண்டாம். ஆனால் ரின்காய், ஜேஆர் நிறுவனப் பாதை அல்ல. அங்கே பாஸ் செல்லாது. வெளியேறும் இடத்தில் ஆயிரக்கணக்கான பேர் பின்னால் நெருக்க, நீங்கள் கவுண்டரில் காசு எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ரயிலுக்கு முன்பணம் ஏற்றிவைக்கும் சுய்கா அட்டையில் திரும்பி வரும் காசையும் சேர்த்து முந்தின நாளே ஏற்றிக்கொள்ளுங்கள்.

ராத்திரியே போய் வாசலில் படுப்பது தடை. அதனால் எல்லாரும் முதல் ரயிலைப் பிடிக்கிறார்கள். குலுக்கலில் முதல் நுழைவுப் பட்டை கிடைத்திருந்தாலோ, குறிப்பிட்ட புத்தகம் வேண்டியிருந்தாலோ அதில் போகலாம். இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் நசுங்குவதில் எந்த லாபமும் இல்லை.

வரிசை விஷயத்தில் ஜப்பானியர்களை மிஞ்ச ஆளில்லை. திருப்பதியில் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்டாக உட்கார வைத்துப் பிறகு திறந்துவிடுவார்களே, அதே முறைதான், கூரை மட்டும் கிடையாது. பரந்த கான்கிரீட் தரையில் கட்டம் கட்டமாக உட்கார வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் பலகை இருக்கும். உட்கார்ந்தவுடன் அந்தப் பலகையையும் சுற்றியுள்ள அடையாளங்களையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். எழுந்து போகும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ‘டோய்ரே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் இருக்கும். வரிசை நகரத் தொடங்கிய பிறகு மட்டும் எழுந்து போகாதீர்கள். இவ்வளவையும் சமாளிப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் கை காட்டிய திசையில் போவதுதான் சட்டம்.

சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு டோக்கியோ வெயில் என்ன செய்துவிடும் என்ற எண்ணம்தான் ஆபத்து. ஊரில் மே மாதம் மதியம் 12 மணிக்கு நாம் யாரும் நிழலில்லாத சிமென்ட் தரையில் மூன்று மணி நேரம் உட்காருவதில்லை. இங்கே அதைத்தான் செய்யப்போகிறீர்கள், 33, 34 டிகிரி வெப்பத்தில், வேர்வை காயாத ஈரக் காற்றில். வரிசையில் குடை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும். அகலமான தொப்பிதான் சரி. இரண்டு லிட்டர் குறையாமல் குடிக்க வேண்டும், அதில் பாதியாவது போகாரி ஸ்வெட் மாதிரி உப்புச் சேர்ந்த பானமாக இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. தலை சுற்றும், கால் நரம்பு இழுக்கும். கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் உறைந்த பாட்டில் விற்பார்கள். ஒன்றை வாங்கித் துண்டில் சுற்றிக் கழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உருக உருகக் குடிக்கவும் ஆகும். துண்டில் சுற்றாமல் பைக்குள் போட்டால் அது விடும் ஈரத்தில் பிற்பாடு வாங்கும் புத்தகமெல்லாம் நனைந்துவிடும். வேர்வை திடீரென்று நின்றாலோ வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ வீரம் காட்டாமல் பக்கத்துத் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். முதலுதவி அறை உள்ளேயே இருக்கிறது.

அரங்கு திறக்கும் அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள். விற்பவர், வாங்குபவர், தன்னார்வலர் எல்லாருமே பங்கேற்பாளர்கள்தான், வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை என்பது இந்தச் சந்தையின் அடிப்படைக் கொள்கை. நீங்களும் தட்டுங்கள். ஓடாதீர்கள்.

உள்ளே போனதும் திசை தெரிய வேண்டும். கிழக்கு, மேற்கு, தெற்கு என்று அரங்குத் தொகுதிகள். கிழக்கிலிருந்து மேற்குக்குச் சாதாரண நாளில் பத்து நிமிடம். அன்றைக்கு ஒருவழிப் பாதை, நெரிசல் எல்லாம் சேர்ந்து அரை மணி ஆகிவிடும். ஆகவே ஒரு தொகுதியை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பாதி மேசை, அதாவது 90 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம். முகவரி இப்படி வரும்: கிழக்கு, ‘ஷி’, 23, பி. அரங்குப் பக்கம், மேசை வரிசையின் எழுத்து, மேசை எண், அந்த மேசையின் எந்தப் பாதி. அந்த எழுத்து பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தாக இருப்பதால் கதகானா, ஹிரகானா இரண்டையும் அடையாளம் தெரிகிற அளவுக்காவது படித்துவிட்டுப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

மேசைகள் நீள்சதுரமாக, முதுகுக்கு முதுகு போட்டிருக்கும். அதைத் தீவு என்பார்கள். புகழ் பெற்ற குழுக்களை மட்டும் அரங்கின் சுவர் ஓரத்தில் வைப்பார்கள். அது பெருமைக்காக அல்ல. அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் வரிசை நிற்கும்; பின்னாலுள்ள ஷட்டரைத் திறந்து வரிசையை வெளியே இழுத்துவிட்டால்தான் அரங்குக்குள் மற்றவர்கள் நடக்க முடியும். அந்த வரிசையின் கடைசி ஆள் கையில் ‘சாய்கோபி’ என்று எழுதிய அட்டை இருக்கும். வரிசையின் வால் இதுதான் என்று அர்த்தம். நீங்கள் போய் நின்றதும் அந்த அட்டையை வாங்கித் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும், அடுத்தவர் வந்ததும் அவரிடம் கொடுக்க வேண்டும். வரிசையை மடித்து மடித்து விட்டிருப்பதால் நடுவில் ஓர் இடைவெளியைப் பார்த்து அதுதான் வால் என்று நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். அட்டை இல்லாத இடம் வால் இல்லை.

முதல் தடவை போகிறவர்கள் சுவர் வரிசையில் காலையைத் தொலைக்க வேண்டாம் என்பேன். ஒரு மணி நேரம் நின்று, தலைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு புத்தகம் வாங்குவீர்கள்; அதே புத்தகம் அகிஹபாராவின் மெலன்புக்ஸ் கடை அடுக்கிலோ டோராநோஆனா என்ற இன்னொரு கடையின் தபால் விற்பனையிலோ கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு. தீவில் உட்கார்ந்திருப்பவர்கள் கதை வேறு. ஐம்பதோ நூறோ பிரதி அடித்திருப்பார், மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோவார், கடைக்கு வராது. தகவல், விமரிசனப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனிமேக்குச் சம்பந்தமே இல்லாத ரயில், ராணுவம், சமையல், பழைய கணினி என்று ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு குடைந்த புத்தகங்கள் அங்கே கிடைக்கும். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள்கூடப் படமும் வரைபடமும் பார்த்தே அரை நாள் ஓட்டலாம்.

மேசை முன் நடந்துகொள்ளும் விதம் எளிது. ‘மிதே மோ ஈ தெஸ் கா’ (பார்க்கலாமா?) என்று கேட்டுவிட்டு மாதிரிப் பிரதியை எடுத்துப் புரட்டுங்கள். வேண்டுமானால் ‘இச்சிபு குதசாய்’ (ஒரு பிரதி கொடுங்கள்). வேண்டாமென்றால் இருந்த மாதிரியே வைத்துவிட்டு ‘அரிகதோ கொசாய்மஷ்தா’ (நன்றி) என்று சொல்லி நகரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பேரம் கிடையவே கிடையாது. பல மேசைகளில் விற்பவர்தான் எழுத்தாளர். 700 யென்னை 500க்குக் கேட்பது அவர் முகத்துக்கு நேரே அவர் வேலையைக் குறைத்து மதிப்பது. பக்கத்து மேசையை மறைத்து நிற்காதீர்கள், கேட்காமல் மேசையைப் போட்டோ எடுக்காதீர்கள்.

காசு பெரும்பாலும் ரொக்கம்தான். ஜப்பானியச் செயலிகளில் பணம் வாங்கும் மேசைகள் கூடிவருகின்றன, ஆனால் வெளிநாட்டு பயணியால் அதை நம்ப முடியாது. உச்ச நேரத்தில் போன் சிக்னலும் திணறும். விலை பெரும்பாலும் 500, 1,000 என்றே இருக்கும். 500 யென் நாணயம் இருபது, 1,000 யென் தாள் இருபது, ஆக மொத்தம் 30,000 யென் ஒரு நாளுக்குத் தாராளம். 10,000 யென் தாளை நீட்டினால் அந்தச் சின்னத் தகர டப்பாவில் மீதி இருக்காது. முந்தின இரண்டு நாளில் ரயில் டிக்கெட் இயந்திரம், கன்வீனியன்ஸ் ஸ்டோர் என்று தாள்களை உடைத்துச் சேர்த்துவிடுங்கள். நாணயத்துக்குத் தனிப் பை, பேன்ட் பாக்கெட்டில் போட்டால் தேடிக்கொண்டே நிற்பீர்கள்.

அனிமே, கேம் நிறுவனங்கள் கடை போடும் கூடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட வரிசை, அன்றைக்கு மட்டும் விற்கும் பொருட்கள், பாதி காலையிலேயே ‘கன்பாய்’, அதாவது தீர்ந்தது. பிறகு பலவும் இணையத்தில் விற்பனைக்கு வரும்.

காஸ்ப்ளே செய்பவர்கள், அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடம் போடுகிறவர்கள், வேடத்தோடு ரயிலில் வரவோ அப்படியே திரும்பவோ கூடாது. பதிவுக் கட்டணம் கட்டி, அங்கேயுள்ள உடைமாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு, ஒதுக்கிய வெளியில் நிற்க வேண்டும். நீளமான வாள், கோல் போன்றவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு, அந்தந்த முறை விதியைப் பாருங்கள். படம் எடுக்க வருகிறவர்களுக்கும் வரிசைதான்: கேட்டு, காத்திருந்து, இரண்டு மூன்று படம், நன்றி, அவ்வளவு. கீழிருந்து மேல்நோக்கி எடுக்கும் கோணம் அறவே கூடாது. திறந்த வெளி என்பதால் மதியம் ஒரு மணிக்கு அங்கே நிற்பது எடுப்பவருக்கும் கஷ்டம், வேடம் போட்டவருக்கு அதைவிடக் கஷ்டம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவைக் கையில் கொண்டுபோவது நல்லது. கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்று உருண்டையில் ஊறுகாய்ப் பழமோ கடற்பாசியோ மட்டும்தானே என்று எடுத்தால் அதிலும் மீன் சாறு சேர்ந்திருக்கலாம். வாழைப்பழம், ரொட்டி, ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாய் போதும்.

பெரும்பாலான புத்தகங்கள் பி5 அளவு, 182க்கு 257 மில்லிமீட்டர். அதே அளவில் கெட்டி பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றும் தோளில் மாட்டும் துணிப்பையும் கொண்டுபோங்கள். முப்பது பக்கப் புத்தகம் நூறு கிராம் வரும். முப்பது வாங்கினால் மூன்று கிலோ. சக்கரப் பெட்டியை அரங்குக்குள் இழுத்துக்கொண்டு போனால் எல்லார் காலிலும் ஏறும், லாக்கர்களும் காலையிலேயே நிறைந்துவிடும். சுமை கூடினால் அங்கேயே கூரியர் கவுண்டரில் பெட்டி கட்டி ஹோட்டலுக்கு அனுப்பலாம். இரண்டு மணிக்கு மேல் தீவுகளில் மேசைகள் காலியாகத் தொடங்கும். இரண்டரைக்குள் ரயிலைப் பிடியுங்கள், இல்லையென்றால் மூடும் வரை இருந்து ஐந்தரைக்கு மேல் கிளம்புங்கள். நடுவில் நிலையம் நிரம்பி வழியும்.

வயது வந்தோருக்கான புத்தகங்கள் இங்கே ஏராளம், மேசையில் மறைக்காமல் அடுக்கியிருப்பார்கள். 18 வயது ஆகியிருந்தால்தான் விற்பார்கள், கேட்டால் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆபாச வெளியீடுகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. சிங்கப்பூர், மலேசியா வழியாகத் திரும்பி அங்கே இறங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல். அட்டைப் படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, சாதாரணமாகத் தெரிகிற அட்டைக்குள்ளும் இருக்கும். வாங்கும்போதே ‘ஆர் 18’ குறி இருக்கிறதா என்று பின்னட்டையையும் பார்த்துவிடுங்கள்.